கைக்கட்டில் எழுதிய கிழமை

ஜனவரி 12

அன்புள்ள பாட்டிக்கு,

உன் கோபம் ஆறியிருக்காது என்று தெரியும். எழுதாமல் இருந்தால் அதையும் சேர்த்து மனசில் முடிந்து வைப்பாய், அதனால் எழுதுகிறேன். நான் கிளம்பிய அன்று நீ வாசலுக்கே வரவில்லை. உள்ளறையில் உட்கார்ந்து தையல் மெஷினை ஓட்டிக்கொண்டே இருந்தாய். ஊசியில் நூல் இல்லை. துணி இல்லாமல் ஓடுகிற மெஷின் சத்தம் எனக்குத் தெரியாதா? தெருமுனை திரும்பும் வரைக்கும் கேட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். படைப்பிரிவின் குத்துச்சண்டைக் குழுவில் என்னைச் சேர்த்துவிட்டார்கள். குழுவுக்குத் தனிக் கொட்டடி. பால், முட்டை எல்லாம் கூடுதல். காவல் வேலை கிடையாது. இதையெல்லாம் விடப் பெரிது, குழுவில் பெயர் இருக்கும் வரை எல்லைக்கு அனுப்ப மாட்டார்கள். அப்பாவிடம் இதை மட்டுமாவது படித்துக் காட்டு. சண்டையில் பேர் வாங்கினால் கடைசி வரை இங்கேயே வேலை.

பயிற்சி என்றால் சாதாரணப் பயிற்சி இல்லை. விடிவதற்கு முன்னால் முதுகில் மணல் பையோடு ஓட்டம். பிறகு கயிறு தாண்டுவது. பிறகு மல்லாந்து படுத்துக்கொள்வோம், பயிற்சி தருகிற மாஸ்டர் கனமான தோல் பந்தை வயிற்றில் போட்டுக்கொண்டே "பேர் சொல்லு, நம்பர் சொல்லு" என்பார். குரல் நடுங்கினால் இன்னொரு தடவை. கழுத்துக்குத் தனிப் பயிற்சி, தலையில் வார் மாட்டி இரும்புத் தட்டைத் தூக்க வேண்டும். கழுத்து பெருத்துப்போய் காலர் பொத்தான் சேரவில்லை. நீ இருந்தால் திட்டிக்கொண்டே பொத்தானை நகர்த்தித் தைத்திருப்பாய்.

நீ குண்டன் என்று கூப்பிடுகிற ஆளுக்கு இங்கே பேர் கொசு. இருப்பதிலேயே லேசான எடைப் பிரிவு. பக்கத்துக் கட்டில்காரன் ஒட்டகம், அவ்வளவு உயரம். எடை பார்க்கும் நாளில் அவன் கொஞ்சம் கூடுதல். துணியை எல்லாம் கழற்றினான், கூடுதல். எச்சிலைத் துப்பித் துப்பிப் பார்த்தான், கூடுதல். தலையை மழித்தோம், ஆசையாக வளர்த்த மீசையையும் எடுத்தோம், அப்போதும் முள் அசையவில்லை. கடைசியில் பார்த்தால் எடை எழுதுகிற கிளார்க்கின் கால் மெஷின் தட்டின் ஓரத்தில். ஒட்டகம் அழுதேவிட்டான். "மீசைய யாருடா திருப்பித் தருவா" என்று கேட்கிறான்.

ஒரு உதவி. கையுறைக்குள் முஷ்டியைச் சுற்றிக் கட்டுகிற துணிக்குக் கைக்கட்டு என்று பேர். இங்கே தருவது ஓரம் பிரிந்து நூல் நூலாகப் போகிறது. உள்ளங்கை அகலத்தில் நீளப் பட்டைகளாக, ஓரம் மடித்துத் தைத்து அனுப்புவாயா? கட்டைவிரல் மாட்ட ஒரு முனையில் வளையம் வேண்டும்.

உன்
குண்டன்


ஜனவரி 25

குண்டனுக்கு,

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. எழுத்து கோணலாக இருக்கும், ஞாபகம் கோணல் கிடையாது.

மெஷினில் நூல் இல்லைதான். வாசலுக்கு வரவில்லைதான். வந்திருந்தால் போகாதே என்று உன் காலைக் கட்டிக்கொண்டிருப்பேன், தெருவே பார்த்திருக்கும். நீ சேருவதற்குக் கையெழுத்துப் போட்டான் பார் உன் அப்பன், அந்தப் பேனாவை இன்றைக்கு வரைக்கும் நான் தொடவில்லை. இது உன் தங்கையின் பென்சில்.

ஒட்டகத்தின் மீசையை நினைத்துச் சிரித்தேன். சிரித்த பிறகு எரிச்சல் வந்தது.

உனக்குச் சின்னத் தாத்தாவை அறையில் உட்கார்ந்திருந்த ஆளாகத்தான் தெரியும். என் தம்பி அதற்கு முன்னால் எப்படி இருந்தான் என்று உனக்கு யார் சொன்னார்கள்? அவனும் இதே மாதிரிக் குத்துச்சண்டைக் கொட்டடிதான், இதே பால், இதே முட்டை. லீவில் வந்தான், சாப்பிட உட்கார்ந்தான், ரயிலில் பெட்டி திருடியவனைத் துரத்திப் பிடித்த கதையைச் சொன்னான். எல்லோரும் சிரித்தோம். கை கழுவுவதற்குள் அதே கதையை மறுபடி முதலிலிருந்து சொன்னான். அதற்கும் எல்லோரும் சிரித்தார்கள், விளையாட்டு என்று. நான் சிரிக்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் தடவை சொல்கிற முகம் அது.

பிறகு சட்டைப் பொத்தானை ஒரு காஜா தள்ளிப் போட ஆரம்பித்தான். நான் காஜா எடுத்துப் பிழைக்கிறவள், எனக்குத் தெரியாமல் போகுமா? அவன் செத்தபோது அவனுடைய மாஸ்டர் மாலையோடு வந்தார். அவருக்கு நான் தண்ணீர் கூடக் கொடுக்கவில்லை. தாகத்தோடுதான் திரும்பிப் போனார்.

துணி அனுப்பியிருக்கிறேன். வெளுத்த பருத்தி, ஓரம் இரட்டைத் தையல், வளையத்துக்கு நாடா வைத்திருக்கிறேன். பிரியாது. தலையில் அடி பட்டால் எழுது. மறைத்தால் உன் எழுத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும்.

பக்கத்து வீட்டுக்காரி என் கத்திரிக்கோலின் முனையை ஒடித்தாளே, உன் அப்பன் கல்யாணத்துக்கு ஜாக்கெட் தைத்த சமயம். படுத்த படுக்கையாக இருக்கிறாள். இன்னும் வாங்கித் தரவில்லை.

பாட்டி


பிப்ரவரி 16

அன்புள்ள பாட்டிக்கு,

உன் கைக்கட்டைப் பார்த்துக் குழுவே பொறாமைப்படுகிறது. மாஸ்டரே வாங்கி இழுத்துப் பார்த்துவிட்டு, "யாருடா தச்சது, நல்ல கைடா" என்றார். அவரும் மாஸ்டர்தான், ஆனால் கெட்டவர் இல்லை. சத்தமே போட மாட்டார்.

மறைக்காதே என்றாய், எழுதுகிறேன். ஆனால் நீ அப்பாவிடம் சொல்லக் கூடாது.

பயிற்சிச் சண்டையில் என்னை டிராக்டர் என்று நாங்கள் கூப்பிடுகிறவனோடு விட்டார்கள். எனக்கு மேலே இரண்டு பிரிவு எடை. எடையில் பெரியவனிடம் அடி வாங்கிப் பழகினால் நம் எடைக்காரன் அடி உறைக்காது என்பார்கள். அவனுடைய இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், வலது கை காதுக்கு மேலே வந்து இறங்கியது. விழவில்லை. கொஞ்சம் கண் இருட்டியது, காதுக்குள் விசில். மூலைக்கு எப்படி வந்தேன் என்பது மட்டும் ஞாபகம் இல்லை.

இங்கே ஒரு முறை உண்டு. ஒவ்வொரு சண்டை முடிந்ததும் மாஸ்டர் கிட்டே வந்து கேட்பார். "நம்பர் என்ன? இன்னைக்கு என்ன கிழமை? காலைல என்ன சாப்ட்ட?" தடுமாறினால் நேரே டாக்டரிடம். டாக்டர் சரி என்று எழுதித் தரும் வரைக்கும் குழுவில் பேர் இருக்காது. பேர் இல்லை என்றால் அடுத்த வண்டியில் எல்லைக்கு. போன மாதம் ஒருத்தன் அப்படித்தான் போனான். அவனைப் பற்றி இங்கே யாரும் பேசுவதில்லை.

அன்றைக்கு எனக்குக் கிழமை வரவில்லை. ஒட்டகம் பின்னாலிருந்து தண்ணீர் கொடுக்கிற மாதிரி வந்து காதில் சொல்லிவிட்டான். இப்போது அதற்கு ஒரு வழி செய்திருக்கிறோம். காலையில் கட்டும்போதே அவன் பேனாவால் கைக்கட்டின் கடைசிச் சுற்றில் கிழமையும் சாப்பாடும் எழுதிவிடுவான். கையுறையைக் கழற்றினால் உள்ளங்கையில் தெரியும். உன் துணியில் மை ஊறவே இல்லை, அவ்வளவு நெருக்கமான நெசவு.

பயப்படாதே. இது எல்லோரும் செய்வதுதான். ஏப்ரல் முதல் வாரத்தில் இறுதிப் போட்டி. அது வரைக்கும்தான்.

குண்டன்


பிப்ரவரி 27

குண்டா,

உன் கடிதத்தை அப்பனிடம் சொல்லவில்லை. வாக்கு என்றால் வாக்கு. ஆனால் படித்ததிலிருந்து கை ஓடவில்லை. நேற்று ஒரு சட்டைக்கு இடது பக்கம் எடுக்க வேண்டிய காஜாவை வலது பக்கம் எடுத்துவிட்டேன். கடைக்காரர் சட்டையையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். அதையும் நான் மறக்க மாட்டேன்.

நீ விழவில்லை என்கிறாய். மூலைக்கு நடந்து வந்தது யார்? உனக்கே தெரியாமல் உன் காலால் ஒருத்தன் நடந்திருக்கிறான். சின்னத் தாத்தா கடைசி வரைக்கும் அப்படித்தான் நடந்தான். குளியலறைக்குப் போவான், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பான். நான் போய்க் கையைப் பிடித்தால், "யாரு நீங்க, நல்லா இருக்கீங்களா" என்பான், மரியாதையாக. அவனைத் தூக்கி வளர்த்தவளை.

டாக்டரிடம் போ. போனால் எல்லைக்கு அனுப்புவார்கள் என்கிறாய். எனக்கும் தெரிகிறது, மரம் இல்லை நான். எல்லையில் குண்டு பட்டால் வீட்டுக்குச் செய்தி வரும். ரிங்கில் அடி பட்டால் ஆளே வருவான், உள்ளே ஆள் இருக்க மாட்டான். எதை வேண்டாம் என்று சொல்வது? விளக்கு முன்னால் நின்று எதைக் கேட்பது என்று தெரியாமல் சும்மா நின்றுவிட்டு வருகிறேன்.

என் துணியில் எழுதாதே. அதை நான் உன் கை எலும்பு காப்பாற்றத் தைத்தேன்.

பக்கத்து வீட்டுக்காரி செவ்வாய்க்கிழமை போய்விட்டாள். கத்திரிக்கோல் பாக்கியோடு போய்விட்டாள். போய் உட்கார்ந்துவிட்டு வந்தேன். அழுகை வந்தது, ஏன் என்று தெரியவில்லை.

பாட்டி


மார்ச் 15

அன்புள்ள பாட்டிக்கு,

நலம். எடை குறைப்பு நடக்கிறது. ரப்பர் சட்டை போட்டுக்கொண்டு ஓட வேண்டும், வேர்வை வேர்வையாகக் கொட்டும். தண்ணீரை வாயில் வைத்துக்கொண்டு துப்பிவிட வேண்டும், விழுங்கக் கூடாது. அதனால்தான் தலைவலி. ஜன்னல் வெளிச்சம் பட்டால் கண்ணுக்குள் ஊசி குத்துகிற மாதிரி இருக்கிறது. ஒட்டகம் என் கட்டிலுக்குப் போர்வையைத் திரைபோல் கட்டிக் கொடுத்தான். தண்ணீர் குடித்தால் எல்லாம் சரியாகிவிடும்.

உனக்கு ஒரு வேடிக்கை சொல்லவே மறந்துவிட்டேன். இங்கே ஒட்டகம் என்று ஒருத்தன் இருக்கிறான். எடை பார்க்கும் நாளில் அவன் கொஞ்சம் கூடுதல். துணியைக் கழற்றினான், கூடுதல். தலையை மழித்தோம், மீசையை எடுத்தோம், அப்போதும் கூடுதல். கடைசியில் பார்த்தால் கிளார்க்கின் கால் தட்டின் ஓரத்தில். நீ கேட்டால் விழுந்து விழுந்து சிரிப்பாய் என்று அப்போதே நினைத்தேன்.

பக்கத்து வீட்டுப் பாட்டி கத்திரிக்கோல் வாங்கிக் கொடுத்தாளா? நான் விசாரித்ததாகச் சொல்.

இங்கே படுத்துக்கொண்டு கண்ணை மூடினால் நான் கிளம்பிய நாள்தான் வருகிறது. நீ வாசலில் நின்று, வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு, நான் தெருமுனை திரும்பும் வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தாய். அதை நினைத்துக்கொண்டால் தலைவலி கொஞ்சம் குறைகிறது.

குண்டன்


மார்ச் 22

குண்டா,

பயப்படாமல் படி. மெதுவாகப் படி.

எடை மெஷின் கதையை நீ ஜனவரியிலேயே எழுதிவிட்டாய். ஒட்டகம் யார் என்பதும் எனக்குத் தெரியும். மறுபடி முதல் தடவை சொல்கிற மாதிரி எழுதியிருக்கிறாய். உன் முகம் எனக்கு இங்கிருந்தே தெரிகிறது.

கைக்கட்டில் எழுத முடியாத கேள்வி இரண்டு கேட்கிறேன். ஒட்டகத்திடம் கேட்காமல் பதில் எழுது. பக்கத்து வீட்டுக்காரி எங்கே? நீ கிளம்பிய அன்று நான் எங்கே இருந்தேன்?

நீ பதில் எழுதினாலும் எழுதாவிட்டாலும் நான் வருகிறேன். உன் அம்மா, "இந்த வயசுல அவ்ளோ தூரம் எப்படி அத்தே போவீங்க" என்கிறாள். என் தம்பி விஷயத்தில் நான் வீட்டிலேயே உட்கார்ந்து மாஸ்டரைத் திட்டினேன். வாய் வலித்தது, வேறு ஒன்றும் நடக்கவில்லை. இந்தத் தடவை போய்த் திட்டுகிறேன்.

ரிங்கில் ஏறாதே.

பாட்டி


மார்ச் 29

பாட்டி,

எனக்குப் பரீட்சை வைக்கிறாயா? இங்கே மாஸ்டர் வைப்பது போதாதா? ஒரு கதையை மறந்துபோய் இரண்டு தடவை எழுதினால் பைத்தியமா? அப்பா அதே ஜோக்கை வருஷம் முழுக்கச் சொல்கிறார், அவரை யார் டாக்டரிடம் அனுப்பினார்கள்?

பக்கத்து வீட்டுப் பாட்டி இறந்துவிட்டாள். உன் பழைய கடிதத்தை எடுத்துப் பார்த்துத்தான் எழுதுகிறேன், மறைக்கவில்லை. இரண்டாவது கேள்வி எதற்கு என்றே புரியவில்லை. வாசலில்தான் இருந்தாய். இதில் என்ன சந்தேகம்?

வராதே. சனிக்கிழமை போட்டி. ஒரே ஒரு சண்டை. அதற்குப் பிறகு நானே டாக்டரிடம் போகிறேன். நீ வந்து வாயைத் திறந்தால் என்னை எல்லைக்கு அனுப்புவார்கள், இத்தனை மாதம் ரத்தம் சிந்தியது எல்லாம் போய்விடும். நீ யாரையும் மன்னிக்காதவள் என்று ஊரே சொல்லும். அந்தக் குணம் உன்னிடமிருந்து எனக்கும் வந்திருக்கிறது. நீ வந்து சொன்னால் சாகும் வரைக்கும் உன் முகத்தில் விழிக்க மாட்டேன். இதை நான் மறக்கவே மாட்டேன்.


ஏப்ரல் 7

குண்டா,

ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். நர்ஸ் வெளியே வந்து, "உங்களப் பாக்க மாட்டேங்கறாரும்மா, மொகத்தத் திருப்பிக்கறாரு" என்றாள். சரி. அவளிடம் இதைக் கொடுத்துவிட்டுப் போகிறேன். நாளைக்குத் தலையைத் திறக்கப் போகிறார்களாம். அதற்கு முன்னால் யாராவது படித்துக் காட்டட்டும்.

நடந்ததை நான் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை கேட்டில் நின்றேன். காவல்காரப் பையன் உள்ளே விடவில்லை. மாஸ்டரைக் கூப்பிடாமல் நகர மாட்டேன் என்று பெட்டியைப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துவிட்டேன். மாஸ்டர் வந்தார். திட்டுவதற்கு வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்தேன். அவர், "சொல்லுங்கம்மா, தண்ணி குடிக்கிறீங்களா" என்றார். வாங்கிக்கொண்டேன். குடித்தேன். பிறகு ஒன்றே ஒன்று சொன்னேன். "அவன் கைக்கட்ட அவுத்துட்டுக் கேள்வி கேளுங்க. அது நான் தச்ச துணி."

உன்னை டாக்டர் அறைக்குக் கூட்டி வந்தார்கள். நான் கதவோரம். மாஸ்டரே கட்டை அவிழ்த்தார், சுற்றுச் சுற்றாக. கடைசிச் சுற்றில் ஒட்டகத்தின் எழுத்து. அதைப் படித்துவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "இன்னைக்கு என்ன கிழமப்பா?" என்று மெதுவாகத்தான் கேட்டார்.

நீ வெறும் உள்ளங்கையைப் பார்த்தாய். வெகு நேரம் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். அந்தப் பார்வையை என் கணக்கில் எழுதிக்கொண்டேன், உன் பேரில் இல்லை, என் பேரில்.

மண்டைக்கும் மூளைக்கும் நடுவில் ரத்தம் தேங்கியிருக்கிறதாம், பழையதும் புதியதுமாக. சனிக்கிழமை ஏறியிருந்தால் இறங்கியிருக்க மாட்டாய் என்றார் டாக்டர். எடுத்த பிறகு எப்படி இருக்கும் என்று கேட்டேன். "பார்க்கலாம்" என்றார். ஒட்டகம் வெளியே சுவரோரம் உட்கார்ந்து, "நான்தான் பாட்டி எழுதினேன், நான்தான் எழுதினேன்" என்று அழுகிறான். மீசை மறுபடி வளர்ந்திருக்கிறது.

என் முகத்தில் விழிக்க வேண்டாம். மறக்கவும் வேண்டாம். எழுந்து வந்து என்னைத் திட்டு. எத்தனை வருஷம் வேண்டுமானாலும் கோபமாக இரு, நான் கேட்டுக்கொள்கிறேன்.

பாட்டி


மே 20

அன்புள்ள பாட்டிக்கு,

நலம். எழுதி நாளாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. இங்கே சாப்பாடு நன்றாக இருக்கிறது. தண்ணீர் எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம் என்கிறார்கள்.

என் தலையை மழித்துவிட்டார்கள். உனக்கு வேடிக்கையாக இருக்கும். எடை பார்க்கும் நாளில் நான் கொஞ்சம் கூடுதல். துணியைக் கழற்றினேன், கூடுதல். தலையை மழித்தார்கள், தையல் கூடப் போட்டிருக்கிறார்கள், அப்போதும் கூடுதல். கடைசியில் பார்த்தால் கிளார்க்கின் கால் தட்டின் ஓரத்தில். அதனால் மறுபடி முடி வளரும் வரை படுத்திருக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

உயரமான ஒருத்தர் தினமும் வருகிறார். நல்லவர். என் சட்டைப் பொத்தானைச் சரியாகப் போட்டுவிடுகிறார். ஏனோ அடிக்கடி அழுகிறார். இங்கே நடந்த ஒரு விஷயத்தைப் பற்றி வார்டில் பேசிக்கொண்டார்கள். யாரோ ஒரு பையனுடைய பாட்டி கேட்டில் வந்து உட்கார்ந்து, மாஸ்டரிடம் சொல்லி, போட்டிக்கு முதல் நாள் அவனைக் குழுவிலிருந்து எடுக்க வைத்துவிட்டாளாம். பாவம் அந்தப் பையன். எனக்குக் கேட்கவே கஷ்டமாக இருந்தது. நல்ல வேளை, நீ அப்படி இல்லை. நீ வாசலில் நின்று என்னை அனுப்பி வைத்தாய்.

நீ ஏன் ஒரு தடவை கூட வரவில்லை? வழி தெரியாது என்றால் யாரையாவது கூட்டிக்கொண்டு வா. உன்னைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது.

உன்
குண்டன்


மே 28

அன்புள்ள குண்டனுக்கு,

உன் கடிதம் வந்தது. எழுத்து நேராக இருக்கிறது. நன்றாக எழுதியிருக்கிறாய்.

ஆமாம், வாசலில்தான் நின்றேன். வெயிலில் கண் கூசியது, கையை நெற்றியில் வைத்துக்கொண்டேன். நீ தெருமுனை திரும்பும் வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தேன். நீ ஒரு தடவை திரும்பிப் பார்த்தாய், நான் கை காட்டினேன். மெஷின் உள்ளே சும்மாதான் கிடந்தது.

அந்தப் பையனின் பாட்டியை எனக்கும் பிடிக்கவில்லை. அவளை நான் மன்னிக்க மாட்டேன். நான் யாரையும் மறப்பதில்லை என்று உனக்குத் தெரியுமே, அவளையும் மறக்க மாட்டேன். நீ அவளை நினைத்து மனசைக் கெடுத்துக்கொள்ளாதே, அது என் வேலை.

திங்கட்கிழமை வருகிறேன். நான் அந்தப் பக்கம் வந்ததே இல்லை, அதனால் அந்த உயரமானவரைக் கேட்டில் நிற்கச் சொல். உனக்கு இரண்டு சட்டை தைத்திருக்கிறேன். பொத்தானே இல்லாமல், தலைவழியே மாட்டிக்கொள்கிற மாதிரி.

எடை மெஷின் கதையை நேரில் சொல். முழுசாகச் சொல். நல்ல கதையாக இருக்கும்போல் இருக்கிறது, நான் இதற்கு முன்னால் கேட்டதில்லை.

உன்
பாட்டி